உக்கிராணச் சாவி: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் 1 பேதுரு 4:10 பற்றி எழுதியிருந்தேன். "அவனவன் பெற்ற வரத்தின்படியே நீங்கள் தேவனுடைய பற்பல கிருபையுள்ள ஈவுகளைப் பகிர்ந்துகொடுக்கும் நல்ல உக்கிராணக்காரர்போல, ஒருவருக்கொருவர் உதவிசெய்யுங்கள்" என்ற வசனம். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ஆறு கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

உக்கிராணக்காரன் என்றால் யார் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். உக்கிராணம் என்பது சரக்கு வைக்கிற அறை. பெரிய வீட்டில் அந்த அறையின் சாவியை வைத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு என்று அளந்து கொடுக்கிறவர் உக்கிராணக்காரர். கிரேக்க மூலத்தில் 'ஓய்க்கோனொமோஸ்' என்ற சொல் வருகிறது. 'ஓய்க்கோஸ்' என்றால் வீடு. ரோமர் 16:23இல் ஏரஸ்து என்பவரைப் 'பட்டணத்து உக்கிராணக்காரன்' என்று பவுல் சொல்வதும் இதே சொல்லால்தான். சரக்கு எஜமானுடையது, சாவி நம் கையில். இதை மனதில் வைத்துக்கொண்டு கடிதங்களுக்குப் போகலாம்.

கேள்வி: அம்மா, பதினோரு வருடம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தேன், பாடகர் குழுவிலும் இருந்தேன். மூன்று வருடமாக மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போனாலே பெரிது. அண்மையில் தாலந்து உவமையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டேன். வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன். தாலந்தைப் புதைத்துவைத்த அந்த மூன்றாவது ஆள் நான்தானோ?

பதில்: இல்லையம்மா. நீங்கள் அவன் இல்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேளுங்கள். மத்தேயு 25இல் உள்ள அந்த உவமையில், பயணம் போகிற எஜமான் மூன்று வேலைக்காரரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைக்கிறார். முதல் இருவரும் அதைப் பெருக்குகிறார்கள், மூன்றாவது ஆள் மண்ணில் புதைத்துவைக்கிறான்.

அவன் ஏன் புதைத்தான் என்பதை அவனே சொல்லிவிடுகிறான்: "நான் பயந்துபோய்." அந்தப் பயத்துக்குக் காரணமும் சொல்கிறான். எஜமானைக் "கடினமுள்ள மனுஷன்" என்று அவன் நினைத்துவைத்திருந்தான். வேலை அதிகமாக இருந்ததாலோ, வீட்டில் ஒருவர் நோயாகக் கிடந்ததாலோ அவன் புதைக்கவில்லை. அந்த நினைப்பை வைத்துக்கொண்டு குழி தோண்டினான். நீங்களோ மூன்று வருடமாகக் குழி தோண்ட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு தாலந்து எவ்வளவு என்று யோசித்திருக்கிறீர்களா? அது ஒரு நாணயம் இல்லை, ஓர் எடை. அந்த எடை வெள்ளி, தெனாரியம் என்ற ரோம வெள்ளிக் காசு 6,000க்குச் சமம். மத்தேயு 20இல் திராட்சத்தோட்டத்து வேலையாளுக்கு நாள் கூலி ஒரு தெனாரியம். நம் வேதத்தில் 'ஒரு பணம்' என்று இருக்கிறது. வருடத்தில் 300 நாள் வேலை கிடைத்தாலும் 6,000 தெனாரியம் சம்பாதிக்க 20 வருடம் ஆகும். 'ஒரே ஒரு தாலந்து' என்று நாம் இரக்கப்படுகிற அந்த ஆளின் கையில் இருபது வருடக் கூலி இருந்தது! ஐந்து தாலந்து வாங்கியவன் கையில் நூறு வருடக் கூலி. அவனிடம் எஜமான் என்ன சொல்கிறார்? "கொஞ்சத்திலே உண்மையாயிருந்தாய்." நூறு வருடக் கூலி அவருக்குக் கொஞ்சம்தான். அப்புறம் மத்தேயு 25இன் 21ஆம் வசனத்தையும் 23ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஐந்து தாலந்துக்காரனுக்குச் சொன்ன பாராட்டைத்தான் இரண்டு தாலந்துக்காரனுக்கும் அப்படியே சொல்கிறார், வார்த்தை மாறாமல். பாடகர் குழுவில் நின்ற அந்த நாட்களையும் படுக்கையருகில் நிற்கிற இந்த நாட்களையும் நீங்கள்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். எஜமான் ஒப்பிடுவதாக அந்த உவமையில் எங்கேயும் காணோம்.

எனக்கு இதைவிட உதவுகிற வசனம் லூக்கா 12:42. அங்கே ஆண்டவர் ஒரு விசாரணைக்காரனைப் பற்றிப் பேசுகிறார். மூலத்தில் அதுவும் ஓய்க்கோனொமோஸ்தான். அவனுடைய வேலை என்ன? வேலைக்காரருக்குத் "தகுதியான காலத்திலே படிகொடுக்கும்படி" வைக்கப்பட்டவன் அவன். படி என்றால் அன்றன்றைக்கு அளந்து கொடுக்கிற பங்கு. அந்த வீட்டில், அந்த வேளையில் யார் பசியோடு நிற்கிறாரோ அவருக்குப் படி போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கணக்கு. மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் எதிரில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு ஒரே ஒருவர் படுத்திருக்கிறார்.

என் அப்பா கடைசிப் பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்ட வேண்டும் என்று ஒரு செவிலியர் சொல்லிக்கொடுத்தார். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் இருக்கக் கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை. ராத்திரி அலாரம் வைத்து எழுந்திருப்பேன். அந்த வருடம் நான் சபையில் எந்தப் பொறுப்பிலும் இல்லை. கணக்கு எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை, அதுவும் கையை விட்டுப் போய்விட்டது என்று நானும் உங்களைப் போலவே அழுதேன். ஆனால் அப்பாவின் தலைமாட்டில் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, எவ்வளவு தண்ணீர் குடித்தார், எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டினேன், எல்லாம் அதில் நேராகப் பத்தி பிரித்து எழுதியிருப்பேன். ஒரு நாள் டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்று நாளாகத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்திருப்பதைக் கவனித்து மருந்தை மாற்றினார். சபைக்கு எழுதிய அதே கை, அதே பழக்கம். அது எங்கேயும் போகவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நீங்கள் பாடம் சொல்லிக்கொடுத்துப் பழகியவர். ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்லத் தெரிந்தவர். வயதானவர் அருகில் அது எவ்வளவு பெரிய வரம் என்று உங்கள் மாமியாரைக் கேட்டால் தெரியும். பாடுகிறவர் வேறு. விடியற்காலை மூன்று மணிக்கு அந்த அறையில் பாட்டுக் கேட்கிறதா? கேட்கிறது என்றால் எதையும் நீங்கள் புதைக்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். மாற்கு 7இல் ஆண்டவர் சிலரைக் கடிந்துகொள்கிறார். 'உங்களுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று தேவனுக்குக் கொடுத்துவிட்டேன்' என்று தாய் தகப்பனிடம் சொல்லித் தப்பித்தவர்கள் அவர்கள். மாமியாரை அப்படியே விட்டுவிட்டு நீங்கள் வகுப்பு எடுக்கப் போயிருந்தால் அதை அவர் ஊழியம் என்று சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பெத்தானியாவில் தைலம் ஊற்றிய பெண்ணைப் பற்றி அவர் சொன்னது: "இவள் தன்னால் இயன்றதைச் செய்தாள்."

ஒரே ஒரு காரியத்தில் உங்களைக் கடிந்துகொள்கிறேன். மூன்று வருடமாக இதைத் தனியாகச் சுமக்கிறீர்கள். மோசே காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து நியாயம் தீர்த்தபோது, இதை "நீர் ஒருவராய்" செய்ய முடியாது என்று மாமனார் எத்திரோ சொன்னார், யாத்திராகமம் 18இல். சபையில் இரண்டு பெண்களிடம் வாய் திறந்து கேளுங்கள். மாதத்தில் இன்னொரு ஞாயிறு அவர்களில் ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் உட்காரட்டும். அவர்களுக்கும் கொடுக்க ஓர் இடம் வேண்டும், இல்லையா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். எங்கள் சபை மண்டபம் வாரத்தில் ஆறு நாள் பூட்டியே கிடக்கிறது. மாலையில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறேன், இடம் கொடுங்கள் என்றேன். தரை பாழாகும், நாற்காலி உடையும், தேவனுடைய சொத்தைக் காப்பது எங்கள் பொறுப்பு என்கிறது கமிட்டி. நான் கோபப்படுவது தவறா?

பதில்: ஐயா, கமிட்டியின் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு வருடம் சபைப் பொருளாளராக இருந்தேன். ஆரம்ப வருடங்களில், கணவரை இழந்த ஓர் அம்மா தன்னுடைய மிதி தையல் மெஷினைச் சபைக்குக் கொடுத்தார். இளம்பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். யார் கற்றுக்கொடுப்பது, ஊசி உடைந்தால் யார் பொறுப்பு, சாவி யாரிடம் இருப்பது என்று இரண்டு கூட்டத்தில் பேசினோம். முடிவாகவில்லை. அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று பின்னறையில் வைத்து, ஒரு பழைய மேஜை விரிப்பைப் போர்த்திப் பூட்டினேன். சொத்துப் பதிவேட்டில் 'தையல் மெஷின் – 1' என்று எழுதினேன். வருடா வருடம் தணிக்கை வரும்போது அதற்கு எதிரில் 'உள்ளது' என்று டிக் போடுவேன். ஆறு வருடம், ஆறு டிக்.

ஆறாவது வருடம் இரண்டு சிறு பிள்ளைகளோடு ஒரு பெண் சபைக்கு வந்தார். கணவர் இறந்து நான்கு மாதம். தையல் தெரியும், மெஷின் இல்லை என்றார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது. பின்னறையைத் திறந்து விரிப்பை எடுத்தேன். சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தேன், நகரவில்லை. உள்ளே இருந்த எண்ணெய் பிசின் மாதிரி இறுகிப்போயிருந்தது. தோல் பெல்ட் காய்ந்து, தொட்டதும் இரண்டாகப் பிரிந்தது. ஊசி மாட்டுகிற தண்டில் துரு. மெக்கானிக் சரிசெய்து கொடுக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அந்தப் பெண் பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். மெஷினைக் கொடுத்த அம்மா அதற்கு முந்தின வருடமே இறந்துபோனார். ஐந்து வருடம் ஞாயிறுதோறும் எனக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தவர், மெஷின் என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. மெஷின் இருந்தது. "இதோ, உம்முடையதை வாங்கிக்கொள்ளும்" என்று அந்த மூன்றாவது ஆள் சொன்னதும் இப்படித்தான்: கொடுத்தது குறையாமல் இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் மண்ணில் புதைப்பதைப் பொறுப்பற்ற வேலை என்று யாரும் நினைக்கவில்லை. பணத்தைக் காக்க மண்தான் சரியான இடம் என்று யூதரின் சட்ட விளக்க நூலான தல்மூதிலேயே ஒரு ரபி, அதாவது யூத போதகர், சொல்கிறார். அக்கம்பக்கத்தார் அவனை ஜாக்கிரதையானவன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எஜமான்தான் ஏற்றுக்கொள்ளவில்லை.

அதனால் உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தோடு கமிட்டிக்கு முன்னால் போகாதீர்கள். அவர்களுக்கு இருப்பது பயம், நான் அறிவேன். எங்களிடம் அன்றைக்கு யாராவது ஒரு தாளில் நாலு வரி எழுதி வந்து கொடுத்திருந்தால் நாங்கள் பூட்டியிருக்க மாட்டோம். நீங்கள் எழுதிக்கொண்டு போங்கள்: வாரத்தில் எந்த மூன்று நாள், எத்தனை பிள்ளைகள், சாவியைக் கையெழுத்துப் போட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்கிறவர் யார், முடிந்ததும் பெருக்குகிறவர் யார், நாற்காலி உடைந்தால் யார் சரிசெய்வது. முதலில் மூன்று மாதம் மட்டும் கேளுங்கள். அப்பங்களைப் பெருகப்பண்ணினவரே, மீதித் துணிக்கைகள் சேதமாய்ப் போகாதபடி சேர்த்துவைக்கவும் சொன்னார், யோவான் 6:12இல். தரையைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதை நீங்களும் மதித்தால் பாதிப் பயம் போய்விடும்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. படிப்புக் கடன் தவணை கட்டுகிறேன், தங்கையின் கல்லூரிக் கட்டணமும் என் பொறுப்பு. தசமபாகத்தைப் பிடித்தத்துக்கு முந்தின சம்பளத்தில் கணக்கிடுவதா, கையில் வருவதிலா? கடன் முடியும்வரை நிறுத்திவைத்தால் தேவனை வஞ்சிப்பதாகுமா?

பதில்: தம்பி, கையில் வருகிறதிலிருந்து ஆரம்பியுங்கள். பிடித்தத்துக்கு முன்னா பின்னா என்று வேதத்தில் விதி இல்லை. பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்கு தெளிவாகவே இருக்கிறது. அது எங்கே போயிற்று என்பதையும் பாருங்கள். உபாகமம் 14இன் முடிவில், மூன்றாம் வருடத்துத் தசமபாகம் ஆலய ஊழியம் செய்த லேவியனுக்கும், வேற்றூரிலிருந்து வந்த பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் ஊருக்குள்ளேயே வைக்கப்பட்டது. புதிய ஏற்பாட்டில் பவுல் சபைகளுக்கு எழுதும்போது விகிதம் எதையும் விதிக்கவில்லை. "தன்தன் வரவுக்குத் தக்கதாக" என்கிறார், "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்கிறார். நான் என் முதல் சம்பளத்திலிருந்து பத்தில் ஒன்று கொடுத்துவந்தேன், அந்த ஒழுங்கு எனக்கு நன்மையாக இருந்தது. உங்களுக்கும் அதையே சொல்வேன். ஆனால் கடன் தவணையைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். தவணைத் தேதி வந்துவிட்டால் அந்தப் பணம் கடன் கொடுத்தவருடையது. இன்னொருவர் பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட நமக்கு உரிமை இல்லை. பத்து முடியாவிட்டால் மூன்று கொடுங்கள், நான்கு கொடுங்கள். நிறுத்த மட்டும் வேண்டாம், கை பழக்கம் விட்டுப்போகும். "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்." இது 2 கொரிந்தியர் 8:12.

தங்கையின் கட்டணத்தைத் தேவனுக்குக் கொடுக்காமல் போன பணம் என்று எண்ணாதீர்கள். சொந்த ஜனங்களை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது.

கடன் முடிந்த பிறகு என்ன செய்வீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் ஆக்ஸ்போர்டில் இருந்த ஓர் இளைஞனைப் பற்றிச் சொல்கிறார். அது அவரேதான் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் வருடம் வருமானம் 30 பவுண்டு. 28இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தான். அடுத்த வருடம் 60 பவுண்டு வந்தது. அப்போதும் 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தான். மூன்றாம் வருடம் 90, நான்காம் வருடம் 120. வாழ்ந்தது அதே 28இல். எல்லாரும் அப்படியே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, குடும்பம் வளரும்போது செலவும் வளரும். ஆனால் சம்பளம் ஏறும்போது எது ஏறுகிறது என்று அந்த மனிதன் கவனித்தான். நாம் பத்தைக் கொடுத்துவிட்டுத் தொண்ணூறைப் பற்றி யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று இருந்துவிடுகிறோம். "பூமியும் அதின் நிறைவும்" கர்த்தருடையது என்றால் தொண்ணூறும் அந்த உக்கிராணத்துச் சரக்குதானே? ஒரே ஒரு மாதம் செலவை எல்லாம் எழுதிப் பாருங்கள்.

கொடுத்தால் பல மடங்காகப் பணம் திரும்பி வரும் என்று யாராவது ஆசை காட்டினால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ் எடுப்பது, சேமித்து வைப்பது அவிசுவாசமா?

பதில்: இல்லை. எகிப்தில் யோசேப்பு, பஞ்சத்துக்கு முந்தின ஏழு வருடம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தார். லூக்கா 12இல் வருகிற ஐசுவரியவானும் சேர்த்துவைத்தான். அவன் பேசுவதைக் கேளுங்கள்: என் களஞ்சியங்கள், என் பொருள்கள், என் ஆத்துமா. அவன் பேச்சில் வேறு ஆளே இல்லை. யோசேப்பு, பஞ்சம் வந்தபோது களஞ்சியங்களையெல்லாம் திறந்தார். சேமியுங்கள். எந்த நாளில், யாருக்காகத் திறப்பீர்கள் என்று வீட்டில் பேசி வையுங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் என்னைப் புதிதாகப் பொருளாளராகத் தெரிந்தெடுத்தார்கள். செலவுக்கு ரசீது கேட்டால், எங்களைச் சந்தேகப்படுகிறாயா, விசுவாசிகளுக்குள் கணக்கு எதற்கு என்று பெரியவர்கள் மனம் வருந்துகிறார்கள். ஒருவர் 2 இராஜாக்கள் 12:15ஐக் காட்டினார். ஆலய வேலையில் கணக்குக் கேட்கவில்லை என்று அங்கே இருக்கிறதே?

பதில்: அந்த வசனத்தை எனக்கும் காட்டியிருக்கிறார்கள், சகோதரி! வசனம் உண்மைதான். வேலைக்காரருக்குக் கூலி கொடுத்தவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த அதிகாரத்தை மேலிருந்து படியுங்கள். யோவாஸ் ராஜாவின் 23ஆம் வருடம்வரை ஆலயம் பழுதுபார்க்கப்படவில்லை, பணம் மட்டும் வாங்கப்பட்டிருந்தது. அதனால்தான் மூடியில் துவாரமிட்ட பெட்டி வந்தது. பெட்டி நிறைந்ததும் ராஜாவின் எழுத்தரான சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து பணத்தை எண்ணினார்கள். எண்ணும்போது இரண்டு பேர். அந்த ஒழுங்கு வந்த பிறகுதான் 15ஆம் வசனம் வருகிறது.

எஸ்றா 8ஐயும் அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். எருசலேம் ஆலயத்துக்கான காணிக்கையோடு பாபிலோனிலிருந்து புறப்படும்போது, வழிக்குக் காவலாகப் போர்ச்சேவகரைக் கேட்க எஸ்றா வெட்கப்பட்டார். தேவனுடைய கரம் எங்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் சொல்லியிருந்தாரே! அவ்வளவு விசுவாசமுள்ள மனிதர், புறப்படுவதற்கு முன் பன்னிரண்டு ஆசாரியர் கையில் 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் நிறுத்துக் கொடுத்தார். எருசலேமில் நான்காம் நாள் எல்லாவற்றையும் மறுபடி நிறுத்து, நிறையை எழுதிவைத்தார்கள். சேவகர் வேண்டாம், தராசு வேண்டும். இரண்டையும் ஒரே மனிதர்தான் முடிவுசெய்தார். பவுலும் தர்மப்பணத்தைக் கொண்டுபோகும் பொறுப்பில் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்பினார். ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம் என்று அதற்குக் காரணமும் எழுதினார்.

ஒரு ஞாயிறு காணிக்கையை எண்ணினோம். என்னோடு இன்னொருவர். ஆராதனை முடிந்ததும் முதலில் எண்ணி ஒரு தாளில் குறித்த தொகைக்கும் இப்போது எண்ணியதற்கும் ஒரு நோட்டு வித்தியாசம். மூன்று தடவை எண்ணினோம், ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டு குறைவாகவே இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது, அவர்தான் பையைத் தூக்கி வந்தவர். கடைசியில் பையைத் தலைகீழாகத் திருப்பி உள்தையலை விரித்துப் பார்த்தோம். நோட்டு மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. தாளில் எழுதும் வழக்கம் இல்லாதிருந்தால் அந்த நோட்டு பையிலேயே கிடந்திருக்கும். அவர் தனியாக எண்ணி, வேறு யாராவது பிறகு அதைக் கண்டெடுத்திருந்தால் அவரைப் பற்றி என்ன பேச்சு வந்திருக்கும்? அவர் அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது, "நல்லவேளை, நீங்கள் கூட இருந்தீர்கள்."

பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உங்களிடமிருந்து ஆரம்பியுங்கள். அடுத்த கூட்டத்தில், கணக்கு எழுத நீங்கள் வாங்கிய பேனாவுக்கும் நோட்டுக்கும் உள்ள ரசீதை முதலில் மேஜைமேல் வையுங்கள். மற்றவர்களுடையதைப் பிறகு கேளுங்கள்.

கேள்வி: சகோதரி, எனக்கு வயது 71. நாற்பத்தாறு வருடமாகப் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல் குரல். இப்போது குரல் உடைகிறது, மேல் ஸ்வரம் எட்டவில்லை. இனி ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று குழுத் தலைவர் அன்பாகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கீழே பெஞ்சில் உட்காரும்போது கை காலியாக இருப்பதுபோல் இருக்கிறது. தேவன் கொடுத்த வரத்தை அவரே திரும்ப எடுத்துக்கொண்டாரா?

பதில்: அண்ணா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாற்பத்தாறு வருடம் நின்ற இடத்திலிருந்து இறங்கி வருவது துக்கம்தான். அதை உடனே சரிசெய்துகொள்ள வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

எண்ணாகமம் 8இன் கடைசி வசனங்களில் லேவியரைப் பற்றி ஒரு கட்டளை இருக்கிறது. இருபத்தைந்து வயதில் ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்கு வருவார்கள். ஐம்பது வயதில் அந்த வேலையை விடவேண்டும். ஆனால் அதோடு வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. சகோதரரோடேகூட இருந்து காவலைக் காக்கலாம் என்கிறது. சுமை தூக்குகிற வேலை முடிந்தது, கூட நிற்கிற வேலை முடியவில்லை. வயதாகும் என்று தேவனுக்குத் தெரியும், அதற்கும் சேர்த்துத்தான் ஒழுங்கு செய்திருக்கிறார்.

டோனிக் சால்பா (ஸ்வரங்களை எழுத்துகளால் குறிக்கிற முறை) பார்த்தவுடன் பாடுவேன் என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குழுவில் புதிதாக வந்த பையன்கள் எத்தனை பேருக்கு அது தெரியும்? பெரும்பாலும் பக்கத்தில் நிற்கிறவரின் குரலைக் கேட்டுத்தான் டெனர் பாடுவார்கள். இத்தனை வருடம் அந்தப் பக்கத்துக் குரல் உங்களுடையதாக இருந்திருக்கும். மேல் ஸ்வரம் போனாலும் காது போகவில்லையே. பையன் கால் ஸ்வரம் இறங்கினால் உங்களுக்குத் தெரிந்துவிடும். குழுத் தலைவரிடம் நீங்களே போய், பயிற்சி நாளில் அரை மணி நேரம் முன்னால் வருகிறேன், டெனர் பையன்களை மட்டும் என்னிடம் அனுப்புங்கள் என்று கேளுங்கள். அவர் தயங்கினால் ஒரே ஒரு பையனை அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் பாட்டுப் புத்தகத்தில் எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே இழுக்கக் கூடாது, எந்த வரியில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவைக் கேட்டுக்கொண்டு நுழைய வேண்டும் என்று பென்சிலால் குறித்து வைத்திருப்பீர்கள். அதை அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள், அண்ணா. அடுத்த பயிற்சிக்குக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.